இரண்டும் சிவப்பு

எனக்கு டெங்கு வந்ததைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது போனதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பித்தது.

காய்ச்சல் இருந்த வரைக்கும் நான் ராஜா. இரத்தினபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறு நாள் படுத்துக்கொண்டு, ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை நான் இல்லாமல் எப்படி ஓடப் போகிறதோ என்று கவலைப்பட்டேன். (நன்றாகவே ஓடியதாம். வழக்கத்தைவிடத் தூள் நன்றாக வந்ததாம். இதை யாரும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.) நான் அங்கே டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து டிரையரில் காய்ந்து வெளியே வரும்வரை சூட்டையும் ஈரத்தையும் அளந்துகொண்டே இருப்பது என் வேலை. அந்தப் பழக்கம்தான் பிறகு என் மானத்தை வாங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி என் மனைவி சாந்தி வட்டம் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரே வார்த்தை: ‘கடல்’.

சாந்தி கடலைக் கொழும்பில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கால் நனைத்ததில்லை. கல்யாணமான புதிதில் நான் கொடுத்த வாக்கு அது. ஒரு தடவை கொரோனா வந்து கெடுத்தது. அடுத்த தடவை பெட்ரோல் கியூ. மூன்றாவது தடவை கொழுந்து கூடிய மாதம் என்று நானே கெடுத்தேன். அந்த வருட லீவுக்கு எஹலியகொடயில் இருக்கும் அவள் தம்பி மோகன் வேன் பிடித்து, திருகோணமலையில் அறையும் போட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து என்னை நுளம்பு கடித்தது.

போகலாமா, வேண்டாமா?

டாக்டரம்மாவிடம் கேட்டால் முடிந்துபோகும் விஷயம். கேட்கத்தான் எனக்குப் பயம். அவர் ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டால்? ஆனால் மறுபடியும் இரத்தம் சோதிக்கப் போனபோது, என் மகள் நித்யா முந்திக்கொண்டு கேட்டுவிட்டாள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிளேட்லட் எல்லாம் ஏறிவிட்டதாம், நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு, வெயிலில் அலையாமல் போய்வரலாமாம்.

“மாத்தயா, பய வென்ன எப்பா” என்றார் கடைசியில். பயப்படாதீர்கள் என்று சிங்களத்தில் அவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த நிமிடத்திலிருந்துதான் நான் முழுமூச்சாகப் பயப்பட ஆரம்பித்தேன்.

தொழிற்சாலையில் டிரையர் சூட்டை எழுதுவதற்கு வைத்திருப்பது போல ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். கால் மணிக்கு ஒரு தடவை வாயில் தெர்மாமீட்டர். இரண்டாம் நாள் நித்யா அந்தக் கொப்பியை எடுத்து, சாப்பிடும்போது சத்தமாக வாசித்தாள்.

“ஒம்பது மணி, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. ஒம்பதே கால், தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. ஒம்பதரை, தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு, பிராக்கெட்ல ‘நிலைமை மோசம்’.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா, ரெண்டு மணிக்கு ‘கொட்டாவி’ன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன வியாதி?”

“எல்லாத்தையும் பதியணும்மா. பின்னாடி டாக்டர் கேட்டா?”

“பின்னாடின்னா எப்ப?”

எப்போது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஹபரணை தாண்டிக் காட்டுப்பாதை. முன்னால் ரோட்டை மறித்து யானை. வேனுக்குள்ளே எனக்குக் காய்ச்சல் திரும்பி ஏறுகிறது. ஆஸ்பத்திரி பின்னால், யானை முன்னால், நடுவில் நான். இந்தக் காட்சியை நான் தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாந்தி சண்டை பிடிக்கவில்லை. “ஒங்களுக்கு ஏலாதுன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றாள். (கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.) மோகன் ஃபோனில் வழி சொன்னான்: “மச்சான், நீங்க ரெஸ்ட் எடுங்க. அக்காவ நாங்க கூட்டிட்டுப் போறோம்.” எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் நின்ற சாந்தி ஃபோனை வாங்கி, “அவர விட்டுட்டு நான் எப்புடிடா வர்றது? அவரு வந்தா நான் வர்றேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். வந்த உயிர் திரும்பிப் போனது.

ஆக, நான் ‘வேண்டாம்’ என்றால் நான்காவது தடவையும் கடலைக் கெடுத்த பாவி நான்தான். எனக்கு வேறு யாராவது ‘வேண்டாம்’ சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேச முடியாத ஆளாக இருக்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை லீவில் இருந்தார். மிச்சம் இருந்தது மாரியம்மன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் முடிவு தெரியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூவைக் கட்டுவது பூசாரி முத்தையா. அந்த முத்தையா வேலை நாளில் என் தொழிற்சாலையில் டிரையர் பார்க்கும் ஆள். இதை அம்மனின் கருணை என்று அப்போது நினைத்தேன்.

டிரையருக்குப் பின்னால் ஒதுக்கிக் கூப்பிட்டேன். “முத்தையா, வெள்ளிக்கெழம பூக்கட்டணும். ரெண்டுலயும் செம்பருத்தியே வச்சிரு.”

முத்தையா தலையைச் சொறிந்தார். “ரெண்டுமே செவப்புன்னா, அப்புறம் அம்மா எதுக்குங்க ஐயா?”

“அம்மாவுக்கு வேல கொறையும்ல?”

“சரிங்க ஐயா” என்றார். அந்தச் ‘சரிங்க’வில் ஒரு மெல்லிய இழுவை இருந்தது. இருபது வருடமாகத் தேயிலையை முகர்ந்தே ரகம் சொல்லும் எனக்கு அது மட்டும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு தொழிலாளர் லயத்துச் சனம் முக்கால்வாசி வந்திருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கற்பூரத் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்குப் போகத்தான் ஆச. ஆனா அம்மா என்ன சொல்றாளோ அதுக்குக் கட்டுப்படுறேன்” என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். பின்னால் நின்ற ஒரு அக்கா மூக்கை உறிஞ்சினாள். நடிப்பு எனக்கே பிடித்துப்போய், பெருந்தன்மையின் உச்சத்தில், “சாந்தி, நீயே எடு” என்றேன்.

சாந்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். முத்தையா வாழையிலையைப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை.

“அதெப்புடி?” என்று கத்திவிட்டேன். “ரெண்டுலயும் செவப்புதானே வைக்கச் சொன்னேன்!”

மணியடித்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. கற்பூரம்கூட ஒரு கணம் அணைந்துதான் எரிந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். முத்தையா அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில், சற்று முன் எனக்காக மூக்கை உறிஞ்சிய அதே அக்கா கேட்டாள்:

“ஏங்க டீமேக்கர் ஐயா, மாரியாத்தாவுக்கே கலப்படத் தூள் குடுக்கப் பாத்தீங்களா?”

கோயில் அதிர்ந்தது. அப்படியொரு சிரிப்பைத் திருவிழாவில்கூட நான் கேட்டதில்லை. சாந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறிப் பக்கத்தில் போனேன். “பேக்க கட்டுங்க” என்று சிரிப்புக்கு நடுவில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு செவ்விளநீர், இரண்டு போர்வை, ரிப்போர்ட் கட்டு, கொப்பி, தெர்மாமீட்டர் சகிதம் வேனில் ஏறினேன். கேகாலை தாண்டும்வரை கால் மணிக்கு ஒரு தடவை அளந்தேன். அதன்பிறகு தூங்கிவிட்டேன். ஹபரணையில் உண்மையாகவே யானை நின்றது. அதைப் படமெடுக்க எல்லோரையும் இடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்ந்தது யார் என்று நித்யாவிடம் கேட்டால் இன்றும் சொல்வாள்.

வெயில் தணிந்த பிறகு கடலுக்குப் போனோம். சாந்தி சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் அலை காலைத் தொட்டதும் சின்னப் பிள்ளைபோலக் கிரீச்சிட்டாள். பிறகு அடுத்த அலைக்கு ஓரடி முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் போய் நின்ற என்னை ஒரு பெரிய அலை தள்ளிவிட்டது. எழுந்தபோது சட்டைப்பையில் தெர்மாமீட்டர் இல்லை. வங்காள விரிகுடாவுக்கு இப்போது காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் சாந்தி, அலையைப் பார்த்துக்கொண்டே. “நானும் முத்தையாண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன். ரெண்டுலயும் வெள்ளையே வைங்கன்னு.”

ஈரத்தோடு கரையேறி, ஃபோனைத் தேடி எடுத்து முத்தையாவைக் கூப்பிட்டேன்.

“நான் என்னங்க ஐயா செய்ய?” என்றார் அவர். “நீங்க வேல குடுக்கிற ஆளு. வீட்டம்மா சோறு போடுற ஆளு. ரெண்டு பேரு மனசும் நோகக்கூடாதேன்னு ஆளுக்கு ஒண்ணு வச்சேன்.”

அதாவது, இரண்டு பேரும் தனித்தனியாகக் கள்ளத்தனம் செய்தும் அம்மன் அன்றைக்கு நேர்மையாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் காய்ச்சல் திரும்பவே இல்லை. அந்தக் கதை மட்டும் திரும்பித் திரும்பி வருகிறது. “இன்னைக்கு ரொட்டியா, இடியப்பமா?” என்று நான் வீட்டில் கேட்டால், “மொதல்ல பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டுங்க” என்கிறாள் நித்யா. தொழிற்சாலையில் “முத்தையா, தூள் எப்புடி வருது?” என்றால், “ஐயாவுக்கு எப்புடி வரணும்னு சொல்லுங்க, அப்புடியே வச்சிர்றேன்” என்று பதில் வருகிறது. ரோலர் பக்கம் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம், இந்த வருட லீவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. சாந்தி உள்ளே போய் இரண்டு காகிதப் பொட்டலம் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ‘யாழ்ப்பாணம்’ என்றிருந்தது.

“மத்ததுல என்ன?”

“அதுலயும் யாழ்ப்பாணந்தான்” என்றாள். “நான் ஒங்கள மாதிரி இல்ல. நடுவுல ஆள் வைக்காம நானே கட்டினேன்.”