‘நெட்டில இருக்கு’ ஐயா

கண்டிப் பகுதியில் மனிதர்களை இனம் பிரித்தறிவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கம்பளையில் ஒருவர் தும்மினால், தும்மியவர் கூட்டத் தலைவரா, கோயில் பொருளாளரா, கல்யாணத் தரகரா என்று கட்டுகஸ்தோட்டையில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். சரி, கம்பளை கொஞ்சம் அதிகம். பேராதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காற்று இந்தப் பக்கமாக வீசினால்.

அப்படி நான் கண்டெடுத்த இனம்தான் ‘நெட்டில இருக்கு’ ஐயா. யுத்தம் உச்சத்தில் நின்ற இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டளவில், அரசாங்கம் தன் கந்தோர்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏற்றத் தொடங்கியபோது தோன்றியவர் இவர். பிறப்புச் சான்றிதழ் எடுப்பது எப்படி என்று கேளுங்கள், நெட்டில இருக்கு. வாகன வரி? நெட்டில இருக்கு. நுவரெலியா பஸ் எத்தனை மணிக்கு? அதுவும் இருக்கு, பஸ் போன பிறகு தேடி எடுத்துத் தருவார். இனிமேல் குடிமகன் கந்தோர்ப் படி ஏறத் தேவையில்லை, கந்தோரே வீடு தேடி வரும், கையெழுத்து வைக்கப் பேனைகூட வேண்டாம் என்று முடி வெட்டுகிற கதிரையில் இருந்தபடி பிரசங்கம் வேறு செய்வார். வெட்டுகிறவர் பாவம். தலை ஆடிக்கொண்டே இருக்கும்.

கட்டுகஸ்தோட்டை விவேகானந்தன் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. ஓய்வுபெற்ற தபாலதிபர். வேலை பார்த்த காலமெல்லாம் வரிசையை யன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தவர். வெளியே நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்பது பென்ஷனுக்குப் பிறகுதான் தெரிந்தது. உடனே கணினி வாங்கிவிட்டார்.

அடி விழுந்தது மனைவி இராசமணிக்கு. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய அடையாள அட்டை கைக்குட்டையோடு சவர்க்காரத் தண்ணீரில் ஊறி, படத்தில் இருந்த முகம் மூக்கோடு கழன்று போயிற்று. பாலத்தடியில் சோதனைச் சாவடி. முகமில்லாத அட்டையோடு ஒரு தமிழ் மனுசி பாலத்தைக் கடக்க முடியுமா? பாலத்துக்கு அங்காலே, கண்டி டவுன் ஆஸ்பத்திரியில், மகள் தர்மினி தலைப்பிரசவத்துக்குப் போய்ப் படுத்திருந்தாள்.

கிராம சேவகர் அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தார். இராசமணியின் யாழ்ப்பாணத்து வாய்க்கு அவர் இன்னமும் விதானையார்.

“இஞ்சேருங்கோ, விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுத்தால் காணுமாம்.”

“விதானையாரோ? உலகம் இப்ப எங்க நிக்குது எண்டு உமக்குத் தெரியாது. எல்லாம் நெட்டில இருக்கு.”

இருந்தது. ‘தமிழ்’ என்ற இடத்தை அமுக்கியதும் திரை நிறையச் சின்னச் சின்னப் பெட்டிகள் வந்தன. எழுத்துக்கு ஒரு காலிப் பெட்டி.

“பாரும், தமிழுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறாங்கள்,” என்றார் விவேகானந்தன்.

பிறகு ஆங்கிலப் பக்கத்துக்குப் போனார். அது பாதி வந்து நின்றது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. நெட் அதில் ஏறி உட்கார்ந்தால் வெளியிலிருந்து ஒரு குரலும் உள்ளே வராது. மருமகன் ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்து எடுத்துக் களைத்து, கடைசியில் பக்கத்து வீட்டு மஸீனாவைக் கூப்பிட்டார். மஸீனா மதிலால் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், மகளுக்கு வலி கண்டிருச்சாம். ஒங்க ஊட்டு லைன் காலைல இருந்தே என்கேஜாம். ஐயா யாரோட இவ்வளவு நேரம் பேசுறாரு?”

“அரசாங்கத்தோட,” என்றார் இராசமணி.

உள்ளே போனார். “தர்மினிக்கு நோ தொடங்கிட்டுதாம். நான் போகவேணும்.”

“கொஞ்சம் பொறும். சிஸ்டம் டவுன்.”

“என்ன?”

“டவுன், டவுன். சிஸ்டம் டவுன்.”

ஆங்கில ஆசிரியைக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாதா? ஆனால் கண்டியைச் சுற்றி இருப்பவர்களுக்கு டவுன் என்றால் ஒரே ஒரு இடம்தான். இராசமணி குடையை எடுத்தார்.

“நல்லது. சிஸ்டம் டவுனிலயெண்டால் நானும் டவுனுக்குத்தானே போகவேணும்.”

“அந்த டவுன் இல்லையப்பா.”

“நீங்கள்தானே திருப்பித் திருப்பிச் சொன்னனீங்கள்.”

மஸீனாவும் கூடவே நடந்தார். கிராம சேவகர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு முற்றத்தில் நின்றபடியே படத்தை ஒட்டி, முத்திரை குத்திக் கடிதத்தைக் கொடுத்தார். பாலத்தடியில் அதிகாரி அதை வாசித்தார், விறைத்து நின்று சல்யூட் அடித்தார், பஸ்களையெல்லாம் மறித்து வழிவிட்டார். இராசமணி ஆஸ்பத்திரி வாசலில் குடையை மடக்கவும், உள்ளே பேரன் முதல் குரல் எடுக்கவும் சரியாக இருந்தது. அதே நேரம் வீட்டில் கணினிக்கும் உயிர் வந்து, விவேகானந்தன் தேடிய பக்கம் முழுதாகத் திறந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு வரி: ‘உங்கள் பிரிவுக் கிராம சேவகரை நேரில் சந்திக்கவும்.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டபோது, தலையை நிமிர்த்தாமல் “நெட்டில பாரும்” என்று நீங்கள் சொன்னதே இல்லையா? வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்துக்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்ததில்லையா? எதற்கும் உங்கள் வீட்டுத் தொலைபேசியை எடுத்து ஒருமுறை காதில் வைத்துப் பாருங்கள். யாராவது கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவையும் நான் வாசித்துக் காட்டியபோது இராசமணி பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சல்யூட் ஒண்டும் அடிக்கேல்ல,” என்றார். “சொந்த ஊர் எது எண்டு கேட்டாங்கள். யாழ்ப்பாணம் எண்டன். பொழுதுபடும் மட்டும் சாவடி மர வாங்கில இருத்தி வைச்சவங்கள். மஸீனாவைப் போகச் சொன்னாங்கள், அவ போகேல்ல. நான் போய்ச் சேரேக்க இவன் குளிச்சு, பால் குடிச்சு, நித்திரை.”