மூணு பேர் தூரம்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் எங்கள் கம்பெனி வேனை முந்தாத வண்டி கிடையாது. பால் வண்டி, ஷேர் ஆட்டோ, டிராக்டர், ஒருமுறை கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றிய மாட்டுவண்டிகூட முந்தியது. நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் பட்டாசு ஆலை வாசலில் வேன் வந்துசேரும் நேரத்தைப் பதினாறு வருடங்களாக நோட்டில் எழுதிவருபவன் நான்.

வேனை ஓட்டியவரை எல்லோரும் மூணுபேர் அண்ணாச்சி என்றுதான் அழைத்தோம். அவர் மெதுவாக ஓட்டுபவர் அல்ல. முன்னால் போகும் வண்டிக்கும் தமக்கும் நடுவே இடம் விடுபவர். முன்வண்டி ஒரு பனைமரத்தைத் தாண்டியதும் தம் மூன்று மகள்களின் பெயர்களை நிதானமாகச் சொல்வார்: “தங்கலட்சுமி... முத்துலட்சுமி... வீரலட்சுமி.” மூன்றாவது பெயர் முடியும் முன் வேன் அந்தப் பனையை எட்டிவிட்டால், நெருங்கிவிட்டோம் என்று பொருள். வேகத்தைக் குறைப்பார். மழை பெய்தால் மாமியார் பேச்சியம்மாளையும் சேர்த்துக்கொள்வார்.

“மாமியார எதுக்கு அண்ணாச்சி?”

“ரோடு ஈரமாக் கெடந்தா மனசுல பயம் வரணும்ல.”

அந்த இடைவெளியைப் பார்த்ததும் யாராவது உள்ளே நுழைவார்கள். அண்ணாச்சி பின்வாங்கி, மறுபடி தங்கலட்சுமியிலிருந்து தொடங்குவார். ஒருநாள் நானும் உடன் வந்தேன். அணைக்குப் பிரியும் விலக்கிலிருந்து ஆலை வரை பதினான்கு வண்டிகள் நுழைந்தன.

“காலி எடத்த விட்டா வரத்தான செய்வான்?” என்றேன்.

“அது காலி எடம் இல்லீக. நான் வச்சிருக்க எடம்.”

வேனில் வரும் முப்பது பெண்களும் செய்த உருப்படிக்குக் கூலி வாங்குபவர்கள். வேன் பிந்தினால் நஷ்டம் அவர்களுக்கு. தீபாவளி சீசன் நெருங்கியபோது, அவர்களில் மூத்தவரான செல்லத்தாய் நேராக முதலாளியிடம் போனார். “அவரு ரேஷன் கார்ட வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க பொழுது போயிருது, மொதலாளி.”

முதலாளி அண்ணாச்சியை வரச்சொன்னார். சாட்சியாக என் நோட்டும் மேசைமேல் கிடந்தது. அண்ணாச்சி அதைப் புரட்டவில்லை. ஜன்னல் வழியே வெளியே கைகாட்டினார்.

“ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் எதுக்கு மொதலாளி எடம் விட்டுக் கட்டியிருக்கீக?”

“ஒண்ணு வெடிச்சா அடுத்தது தப்பிக்கணும்ல.”

“அதத்தான நானும் செய்யுறேன்.”

“ஷெட்டு ஓடாதுய்யா. வேனு ஓடணும்.”

அன்றே சாவி கைமாறியது. அண்ணாச்சிக்கு வாசலில் பீடி, தீப்பெட்டி சோதிக்கும் வேலை. வேன் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் அதன் சக்கரங்களை மட்டும் பார்ப்பார்.

புதியவர் தனியார் பஸ் ஓட்டிப் பழகியவர். எட்டரை மணி வேலைக்கு முதல் நாள் எட்டு பதினெட்டுக்கே வந்துவிட்டார். மகிழ்ச்சியோடுதான் எழுதினேன். ஒன்பதாம் நாள், முன்னால் போன டிராக்டர் ஓர் ஆட்டுக்காக நின்றது. புதியவர் போட்ட பிரேக்கில் செல்லத்தாயின் தூக்குவாளி பறந்து, புளிக்குழம்பு முழுவதும் வேனை ஓட்டியவர் கழுத்தில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. டிராக்டருக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்ததாம்.

மறுநாள் வேன் ஒரு லாரியை ஒட்டிப் போனபோது பின் இருக்கையில் செல்லத்தாயின் குரல் கேட்டது: “தங்கலட்சுமி...” அடுத்த பெயருக்குள் முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

“யாரும்மா அந்த வீரலட்சுமி? அவளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று கத்தினார் புதியவர்.

“மொதல்ல ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க, சொல்லுறோம்.”

ஒரு வாரம் தாங்கினார். பிறகு பஸ்ஸுக்கே போய்விட்டார்.

செல்லத்தாய் மறுபடி முதலாளி முன் நின்றார். “பழைய ஆளையே போடுங்க. வேன பத்து நிமிசம் முன்னக்கூட்டி எடுக்கட்டும். நாங்க வெள்ளனா எந்திரிச்சுக்கிறோம்.”

“நீதானம்மா அவர மாத்தச் சொன்ன?”

“நாந்தேன் சொன்னேன். அப்பக் கொழம்பு சிந்தலையே!”

நாலரைக்கு எழுந்து சோறு வடிப்பவர்களுக்குப் பத்து நிமிட உறக்கம் சின்ன விஷயமல்ல. அதை அவர்களாகவே கொடுத்தார்கள்.

சாவியை வாங்கிய அண்ணாச்சி தயங்கினார். “பேரு சொல்லுறத வேணா நிப்பாட்டிரவா?”

“பின்னாடி கேக்குற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க” என்றார் செல்லத்தாய்.

அதன்பின் அண்ணாச்சி ஓய்வுபெறும்வரை வேன் பிந்தியது இரண்டே நாள். என் நோட்டில் இருக்கிறது. நான் இப்போதும் அதே சாலையில் ஸ்கூட்டரில் போகிறேன். முன்னால் ஒரு லாரி பனையைத் தாண்டினால் வாய் தானாக மூன்று பெயர்களையும் சொல்லிவிடுகிறது, மழை நாளில் பேச்சியம்மாளையும் சேர்த்து. அந்த நால்வரில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.