சராசரிக்கு நடுவே வெண்டைக்காய்

இணையத்தில் இலவசப் பாடம் நடத்துகிறவர் என்றோர் இனம் இருக்கிறது. பின்னால் புத்தக அலமாரி, சட்டைக் காலரில் மைக், முகத்தில் தயார் செய்த புன்னகை. இடுப்புக்குக் கீழே லுங்கி. அது உங்களுக்குத் தெரியாது.

முதல் வீடியோவில் இவர் என்ன சொல்லித்தரப் போகிறார் என்று சொல்வார். இரண்டாவதில், முதல் வீடியோவில் என்ன சொன்னார் என்பதை நினைவூட்டுவார். மூன்றாவதில் மதிப்பெண் முறையை விளக்கிவிட்டு, நான்காவதில் "ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்பார். ஆயிரக்கணக்கானோர் அறிமுகம் செய்துகொள்வார்கள். பிறகு போய்விடுவார்கள். பாடம் எப்போது தொடங்கும்? அதுவரை இருந்து பார்த்தவர் யார்?

"இங்கே வீடியோவை நிறுத்தி யோசியுங்கள்" என்பது இவரது மந்திரம். நீங்கள் நிறுத்துகிறீர்களோ இல்லையோ, அவர் நிறுத்திவிடுவார். பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த இனத்தில் எனக்கு நன்கு தெரிந்தவர் ஜோதிலிங்கம். டெல்லி கரோல் பாக், மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர், என் அப்பா. சாப்பிட உட்கார்ந்தாலும், "இந்தச் சாப்பாட்டோட முடிவுல நாம மூணு விஷயம் தெரிஞ்சுக்கப் போறோம்" என்பார்.

"சாம்பார், ரசம், மோர்" என்பாள் அம்மா இந்திராணி. "போடவா, நிறுத்தி யோசிக்கவா?"

அம்மா பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக் காய் வாங்குவாள். கூடை மேலே வந்ததும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள். அப்பாவின் வீடியோ ஒன்றில், "ஆக, சராசரி என்பது" என்று அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இது கேட்கும்:

"பையா, யே பிண்டி பூரா முத்தல் ஹை. நுனி ஒடியவே நஹி."

"ஆண்ட்டிஜி, பகாகே தோ தேக்கோ" என்று கீழேயிருந்து தள்ளுவண்டிக்காரர், சமைத்துத்தான் பாருங்களேன் என்று.

"நீயே பகாகே சாப்பிடு."

அப்பா திரும்பாமல், "எல்லா மதிப்புகளையும் கூட்டி" என்று தொடர்வார்.

போன மார்கழியில் அம்மா இறந்துவிட்டாள். தை மாதம், பாடத்தை வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஷ்வேதா போன் செய்தாள்.

"அங்கிள், சராசரி வீடியோல பின்னாடி யாரோ காய் வாங்கறாங்க. அந்த இடத்தைக் கட் பண்ணிடுங்க. இல்லேன்னா கோர்ஸையே எடுத்துடுவாங்க."

"பண்ணிடலாம்மா" என்றார் அப்பா. விதிமுறை என்றால் இந்த இனம் எழுந்து நிற்கும்.

எனக்குத் தொழில் மென்பொருள். வெட்டும் வேலை என்னிடம் வந்தது. வெட்டவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். "சிந்து, டாஷ்போர்டைப் பாரு."

வீடியோவில் எந்த இடம் அதிகம் ஓட்டப்படுகிறது என்று காட்டும் வரைபடம். தரையோடு கிடந்த கோடு, அந்த ஓரிடத்தில் மட்டும் குதுப்மினார் மாதிரி நின்றது.

"சராசரிக்கு நான் குடுத்த விளக்கம். பசங்க விடமாட்டேங்கறாங்க."

எத்தனை பசங்க என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திய மனிதர். நானும் கேட்கவில்லை.

ஷ்வேதாவுக்கு அவரே போன் செய்தார். "தரவு தெளிவா இருக்கும்மா. மத்ததை எல்லாம் வேணும்னா வெட்டிக்குங்க. அந்த இடத்துல கை வைக்க முடியாது."

"அங்கிள், ஆனா அந்த வெண்டைக்காய்..."

"அது நடைமுறை உதாரணம். கூடையில இருக்கற எல்லாக் காயும் முத்தல்னா, சராசரியும் முத்தல்தானே?"

ஷ்வேதா நிறுத்தி யோசித்திருப்பாள். "அச்சா அங்கிள், இருக்கட்டும்" என்றாள்.

பிறகு நான் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கையைத் திறந்தேன். ஓட்டியவர்கள் இருவர். ஒன்று என் கணக்கு. மற்றது பாட ஆசிரியரின் கணக்கு. என்னுடையதைவிட அதிகம்.

இந்த இனத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். உங்கள் போனிலும், இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்த பிறகும், உருப்படியான காரணம் ஏதோ சொல்லி நீங்கள் விட்டுவைத்த ஒன்று இருக்கும். இல்லை என்கிறீர்களா?

இங்கே நிறுத்தி யோசியுங்கள்.