எட்டு சனிக்கிழமைக்கு ஒரு மானியம்

“எண்ணெய் லிட்டர் நூத்திப்பத்தா? எந்தக் கடையில சார்?”

தையல்காரம்மா கேட்ட கேள்வியில் அறிவிப்பாளரின் கையிலிருந்த சாக்பீஸ் கரும்பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே சொல்லிவந்த குரல் அவருடையது. அந்தக் குரலில் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாலும் அரசாணை மாதிரி கம்பீரமாக விழும். இன்றைக்கு அதுதான் வினையாகிப் போனது.

சலவைக்கூடத்துக்குப் பின்னால், அவர் வீடும் இருக்கும் அந்தக் குடியிருப்பில் வங்கிக் கிளையும் கிடையாது, வங்கி ஆள் எட்டிப் பார்த்ததும் கிடையாது. அங்கிருக்கிற குடும்பங்களுக்கு வரவு செலவைத் திட்டமிடக் கற்றுத்தரச் சொல்லி ஓர் அறக்கட்டளை மானியம் கொடுத்திருந்தது. எட்டு சனிக்கிழமை, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், பத்தொன்பது பேர். பொதுக்கூடத்து வாடகை, புத்தகம், டீ, பிஸ்கட் எல்லாம் மானியத்திலேயே அடக்கம்.

“நல்ல குரல் உள்ள ஆள் எடுத்தாதான் கடைசி பெஞ்சுக்கும் கேக்கும்” என்று சொல்லிக் குடியிருப்போர் சங்கம் ஒருமனதாக அவரைப் பிடித்தது. அவர் மூன்று முறை மறுத்தார். மூன்றாவது முறை மறுக்கும்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அவர் இன்னும் இரண்டு முறை மறுத்திருக்க வேண்டும். சம்பளம் வந்த பத்தாம் நாள் அவர் பையில் இருப்பது சீப்பும் பேருந்து நிலையத்துச் சாவியும்தான். மாதத் தவணை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பேனாவைத் திறந்துவிடுவார். வீட்டில் ஒரு ட்ரெட்மில் இருந்தது. அதில் நடந்தது ஒரே ஒரு பல்லி. நான்கு பேர் தங்கக்கூடிய கூடாரம் ஒன்று இருந்தது. வீட்டில் இருப்பதோ மூன்று பேர், காட்டுக்குப் போனவர் யாருமில்லை. நட்சத்திரம் பார்க்க வாங்கிய தொலைநோக்கி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வருஷக்கணக்காகக் கண்காணித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் மகளைக் கட்டட வரைபடப் படிப்பில் சேர்க்க வைத்திருந்த முன்பணம்தான் ட்ரெட்மில்லாக மாறியது. மகள் ஒன்றும் சொல்லாமல் நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமைப் பாடத்தில் புத்தகம் கழுத்தைப் பிடித்தது. ‘ஆசிரியர் தம் குடும்பத்தின் மாதத் திட்டத்தையே எடுத்துக்காட்டாக எழுதிக் காட்டவும்.’ அவருக்கு வீட்டில் எண்ணெய் எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. எழுதினார். எண்ணெய் நூற்றுப்பத்து. சோப்பு பன்னிரண்டு. சேமிப்பு, வருமானத்தில் ஐந்தில் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“எந்தக் கடைன்னு கேட்டேன் சார்” என்றார் தையல்காரம்மா மறுபடியும்.

“அது... எனக்குத் தெரிஞ்ச ஒரு மொத்த வியாபாரி. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்.”

“நாங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே?”

வகுப்பு முடிவதற்குள் மேசைமேல் பத்தொன்பது கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ரப்பர் பேண்ட் போட்டுப் பணம். சிலர் இரண்டு லிட்டர் கேட்டிருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு லிட்டர்.

‘உண்மையைச் சொல்லிவிடலாமா’ என்று ஒரு கணம் நினைத்தார். வாத்தியாரே பொய்க் கணக்கு எழுதினார் என்று அறக்கட்டளைக்குத் தெரிந்தால் மானியத்தை நிறுத்திவிடுவார்கள். பாவம், இந்த ஜனங்களுக்குக் கிடைக்காமல் கிடைத்த படிப்பு. அவர்களுக்காக இந்த ஒரு தடவை சமாளித்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்.

“லிட்டர் என்ன விலைங்க?”

“நூத்தி அறுபத்தஞ்சு.”

“எப்போதிலிருந்து?”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டு வருஷமா இதான் விலை. வெளியூரா?”

கூடாரத்துக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம் முப்பத்தொரு லிட்டருக்குள் மூழ்கியது. கேன்களைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்து, “தொல்லை விட்டது” என்று பெருமூச்சு விட்டார்.

நான்காவது சனிக்கிழமை, வகுப்புக்குள் நுழைந்ததுமே காய்வண்டிக்காரம்மா எழுந்தார். “சார், எண்ணெய் அருமை. சோப்பு பன்னண்டுன்னு எழுதியிருந்தீங்களே, அது எப்ப வரும்?”

லாரி டிரைவரும் எழுந்தார். “எங்க லாரி ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க சார். ஒரு இருபது லிட்டர் சொல்லிடுங்க.”

அறிவிப்பாளர் அவசரமாகக் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். “மன்னிக்கணும். அந்த வியாபாரிக்கு உடம்பு சரியில்ல. கடையை மூடிட்டார்.”

“ஐயையோ!” என்றது வகுப்பு ஒரே குரலில்.

“நமக்கு இவ்வளவு உதவி செஞ்ச மனுஷன்” என்றார் தையல்காரம்மா. “எந்த ஆஸ்பத்திரி சார்? நாளைக்குப் பழம் வாங்கிட்டு எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.”

“வேண்டாம் வேண்டாம்! அவ்வளவு பெருசா ஒண்ணுமில்ல. இப்பத் தேவலை.”

“தேவலையா?”

“நல்லாவே தேவலை. எழுந்து நடக்கறார்.”

“அப்பாடா! அப்பக் கடையைத் திறந்துடுவார். இருபது லிட்டர், அறுபது சோப்பு. எழுதிக்கங்க சார்.”

எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ட்ரெட்மில் வீட்டைவிட்டுப் போனது. வாங்கியவர் சலவைக்கூடத்துக்காரர், கைப்பிடியில் துணி காயப்போட வாகாக இருக்கிறதாம். அதற்கடுத்து கூடாரம். பிறகு தொலைநோக்கி. விற்ற பணத்தில் பாக்கித் தவணைகளை அடைத்ததுபோக மிச்சம் எண்ணெயாகவும் சோப்பாகவும் தெருவுக்குள் போனது.

“என்னங்க,” என்றாள் மனைவி ஒருநாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீடு வரவர பெருசாயிட்டே போகுதே?”

“சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு...”

“ஓ” என்றாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் அவளுக்கு நோய் தெரிந்துவிடும்.

ஆறாவது சனிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. கடைசி வகுப்புக்கு அதிகாரி நேரில் வருகிறார். ஆசிரியர் தம் குடும்பத்தின் உண்மையான மாதத் திட்டத்தை, ரசீதுகளோடு, வகுப்புக்கு விளக்க வேண்டும்.

‘ரசீதுகளோடு’ என்ற சொல்லை அறிவிப்பாளர் நாலு தடவை படித்தார். ட்ரெட்மில் இல்லை, கூடாரம் இல்லை, விற்க ஒன்றும் பாக்கியில்லை. இனி வீட்டில் மிஞ்சியிருந்தது உண்மை ஒன்றுதான்.

மறுநாள் காலை நோட்டும் பேனாவுமாக மனைவி எதிரே உட்கார்ந்தார்.

“நம்ம வீட்டுல மாசத்துக்கு என்ன ஆகுதுன்னு கொஞ்சம் சொல்லேன்.”

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே சொல்லத் தொடங்கினாள். வாடகை, மின்சாரம், பால், எண்ணெய், அவர் அம்மாவுக்கு அனுப்புவது. ரசீதுகள் தேதிவாரியாக ஒரு பழைய மருந்து டப்பாவில் இருந்தன. அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

“பஸ் செலவு?”

“எனக்கு இல்ல. நடந்துதான் போறேன்.”

பேனா நின்றது. “மருந்துக்கடைக்கா? நாலு ஸ்டாப் இருக்கே! எத்தனை நாளா?”

“ட்ரெட்மில் வந்ததுலேர்ந்து.”

எட்டு நாற்பது வண்டி. மூன்றாம் மேடை. தினமும் காலையில் அவர்தான் அதை அறிவிக்கிறார். ‘பயணிகள் ஏறிக்கொள்ளவும்’ என்று இரண்டு தடவை சொல்வார். அந்த நேரத்தில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். வண்டி அவளைக் கடந்து போயிருக்கும்.

அவர் அந்த வரிசையில் பஸ் கட்டணத்தை எழுதினார். கீழே, ‘மகள் படிப்பு’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். மனைவி தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

“எழுத்து நல்லா இருக்கு” என்றாள். அவர் வாங்கிய பாராட்டுகளிலேயே அதுதான் பெரியது என்று அவருக்குத் தோன்றியது.

எட்டாவது சனிக்கிழமை. அதிகாரி கண்ணாடி போட்ட அமைதியான அம்மாள். மடியில் கோப்புடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறிவிப்பாளர் கரும்பலகையில் எழுதினார். எண்ணெய், நூற்று அறுபத்தைந்து.

திரும்பி வகுப்பைப் பார்த்தார். பத்தொன்பது முகங்கள்.

“மொத்த வியாபாரின்னு யாரும் கிடையாது” என்றார். “நான் மூணாவது வாரம் எழுதினது பூராவும் பொய். எங்க வீட்டு எண்ணெய் விலை எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டேன். அதுக்கப்புறம் கடையில வாங்கி, கைப்பணம் போட்டுத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். நான் இங்க வாத்தியாரா நிக்கவே லாயக்கில்ல. என்னை மன்னிச்சுக்கங்க. மேடம், தப்பு என்னோடது. இவங்க படிப்பை நிறுத்திடாதீங்க.”

தையல்காரம்மா எழுந்து வந்து ஒரு கனத்த கவரை மேசைமேல் வைத்தார்.

“என்னம்மா இது?”

“லிட்டருக்கு அம்பத்தஞ்சு. சோப்புக்கு ஒம்பது. எல்லார்கிட்டேயும் வசூல் பண்ணி வச்சிருக்கோம். கணக்கு சரியா இருக்கான்னு பார்த்துக்கங்க.”

“உங்களுக்கு எப்படி...?”

“கடைக்காரன் பில்லை என் கேனோடயே சேர்த்துக் கொடுத்துட்டீங்க சார், மொத நாளே.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தோம்” என்றார் காய்வண்டிக்காரம்மா. “கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்.”

லாரி டிரைவர் கைதட்ட ஆரம்பித்தார். வகுப்பே சேர்ந்து தட்டியது. அறிவிப்பாளர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். இவ்வளவு பெரிய மனசு உள்ளவர்களுக்கு நான் பாடம் எடுத்தேனே என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது. அந்தக் கவரில் இருந்த பணம் மகளுடைய முன்பணத்தில் முக்கால்வாசிக்கு வரும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. கணக்குப் போடத் தெரிந்த மனசும் அவருக்குப் புதுசாகத்தான் இருந்தது.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, தாள்களைக் கோப்புக்குள் அடுக்கிக்கொண்டிருந்த அதிகாரியிடம் போனார்.

“மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இந்த மானியம் வராம இருந்தா, இந்த ஜனங்களோட இப்படி உக்காந்து பேசற பாக்கியமே எனக்குக் கிடைச்சிருக்காது. அடுத்த வருஷமும் தொடர்ந்து கொடுக்கணும்.”

“அடுத்த வருஷம் இங்க தேவைப்படாது சார்” என்றார் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே. “பணம் பக்கத்துக் குடியிருப்புக்குப் போகுது. இங்க வந்த வேலை முடிஞ்சுடுச்சு.”

அறிவிப்பாளர் பதறிப்போனார். “எண்ணெய் விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு இப்படிச் சொல்லாதீங்க மேடம்! எட்டு வாரத்துல எப்படி முடியும்? இந்தத் தெருவுல இன்னும் கத்துக்க வேண்டியவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க!”

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“விண்ணப்பத்தை நீங்க பார்த்ததே இல்லையா? உங்க வீட்டம்மா எழுதினதுதான். ‘பயன்பெறுவோர் எத்தனை பேர்’ங்கற கட்டத்துல ‘ஒருவர்’னு போட்டிருக்காங்க, மத்த பத்தொன்பது பேரும் கீழே ‘ஆசிரியர்’னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”