இல்லாத படிக்கு ஒரு விளக்கம்

மனித குலம் இதுவரை கண்ட கோட்பாடுகளில் ஒருமுறைகூடப் பொய்க்காதது எங்கள் ஆய்வு நிலைய டைரக்டருடையது ஒன்றுதான். அதன் நிழலில் வருடக்கணக்காக ஆராய்ச்சி மாணவனாகவே உட்கார்ந்திருக்கும் பேறு பெற்றவன் நான்.

குவார்க் என்கிற நுண்துகளில் கனமான ஒன்றும் அதன் எதிர்க்குவார்க்கும் ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டு கிடக்கும். அந்த ஜோடி எந்தெந்த ஆற்றல் படிகளில் நிற்கலாம் என்று கணக்குப் போடுவதே எங்கள் பிழைப்பு. டைரக்டரின் சமன்பாட்டில் இஷ்டம்போல் கூட்டிக் குறைக்க எண்கள் உண்டு. சோதனைக்கூடத்தில் புதுப் படி தென்பட்டால் அவரும் ஒரு புது எண்ணைச் சேர்ப்பார். வரைபடத்தில் அவர் கோடு சமர்த்தாக அந்தப் புள்ளிமேல் போய் உட்காரும். இதற்குப் பெயர் 'முன்கணிப்பு'. என் சமன்பாட்டில் இரண்டே எண்கள், அவற்றையும் தொட மாட்டேன். சுத்தப் பஞ்சப் பரதேசி.

போன வருடம் சோதனைக்காரர்கள் புதுப் படி ஒன்றை அறிவித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் டைரக்டர் அதை விளக்கிவிட்டார். பாராட்டுக் கூட்டம் நடந்தது, கேடயம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் அந்தப் படியை வைத்தே ஆய்வேடு எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டார். என் கணக்கு மட்டும் அங்கே படியே இல்லை என்று அடம்பிடித்தது. என் ஆய்வேடு திரும்பி வந்தது. ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது, பட்டம் மட்டும் இருந்தால்.

"அவர் சொல்ற அந்த ஒரு படியையும் சேத்துட்டா என்ன, குடியா முழுகிப்போயிடும்?" என்றாள் மனைவி.

எனக்கு முழுகிவிடும் என்றுதான் பட்டது. சேர்க்கவில்லை.

இந்த மாதம் சோதனைக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். கருவிக் கோளாறாம், அப்படியொரு படியே கிடையாதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டைரக்டர் அதற்குள் இன்னொரு எண்ணைச் சேர்த்து அந்தப் படியை ஒழித்துக்கட்டி, 'மீண்டும் முழுப் பொருத்தம்' என்று கட்டுரையும் அனுப்பியிருந்தார்.

"சார், என் கணக்கு அப்பவே இல்லைன்னுதானே சொல்லிச்சு?"

"சொல்லிச்சு, யாரு மறுத்தா? ஆனா இப்பவும் அதையேதானே சொல்லுது. நாங்க இதுக்குள்ள ரெண்டு தடவை மாத்திட்டோம். ஆராய்ச்சின்னா ஒரு வளர்ச்சி வேணும் தம்பி. ஒரு வருஷமா நீ என்னதான் பண்ணின?"

ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கல்லூரி வேலை பக்கத்து மேசைக்காரருக்குப் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரப் போகிறார். சோதனைக்காரர்கள் யோக்கியர்கள், படியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பட்டத்தை யாரும் திரும்பப் பெறவில்லை.