பெட்டி பிரிக்காத தையல் மெஷின்

"சத்தமாப் பேசுங்க, ஒண்ணுமே கேக்கல" என்றாள் தையல்காரம்மா, மூன்றாவது முறையாக.

"சத்தமாப் பேச முடியாது மேடம். பக்கத்துல ஆளுங்க இருக்காங்க" என்று போனில் கிசுகிசுத்தது ஓர் ஆண் குரல்.

அவளுடைய பழைய மெஷின் முந்தின நாள் ஒரு சட்டைக் காலரின் நடுவில் 'கடக்' என்று நின்றுபோயிருந்தது. மெக்கானிக் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது யூனிஃபார்ம் கொடுத்தாக வேண்டும். வெட்டிய துணி மூட்டையாக மூலையில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் ஆன்லைனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: பெட்டிகூடப் பிரிக்காத தையல் மெஷின், பாதி விலை.

"நேர்ல பாத்துட்டு வாங்கிக்கறேன். எங்க வரட்டும்?"

"அதுக்கு முன்னாடி சொல்லுங்க. என்ன தொழில் பண்றீங்க? எத்தனை வருஷமா அங்க குடியிருக்கீங்க? வீட்டுல கூட யார் யார் இருக்காங்க?"

அவள் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் போனைப் பிடுங்கி அணைத்தாள். "வேலைக்கு ஆள் எடுக்கறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்!"

நாத்தனாருக்கு வங்கியில் வேலை. ஏமாந்தவர்கள் தினமும் வந்து அழுவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் ஏமாளிகள் என்று முடிவு கட்டியிருந்தாள். தம்பி மனைவி எந்தப் பாதி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வருஷம் தையல்காரம்மா முன்பணம் கட்டி வாங்கிய அயர்ன்பாக்ஸ், பெட்டியைத் திறந்தபோது செங்கல்லாக இருந்தது.

"முன்பணம் கிடையாது. வீட்டு அட்ரஸ் கிடையாது. பட்டப்பகல்ல, நாலு பேர் நடமாடற இடத்துல, தச்சுப் பாத்துட்டுத்தான் காசு. போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லு. யோக்கியனா இருந்தா வருவான்."

தையல்காரம்மா மறுபடி போன் போட்டுச் சொன்னாள்.

"ஐயையோ! அங்க மட்டும் வேணாம் மேடம்!" முதல் முறையாகக் குரல் தெளிவாகக் கேட்டது.

நாத்தனார் 'பாத்தியா' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். தையல்காரம்மாவுக்குத் தலை சுற்றியது. திருடன் என்றால் ஏன் வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுகிறான்? யோக்கியன் என்றால் ஏன் போலீஸுக்குப் பயப்படுகிறான்?

பேசிப் பேசி, கடைசியில் நூலக வாசல் என்று முடிவானது. மறுநாள் மதியம் அவள் அடையாளத்துக்குப் பச்சைக் குடையோடு நின்றாள். ஒட்டினாற்போல் நாத்தனார். போதாததற்கு நாத்தனாரின் கணவர் வேறு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ எவரோபோல் தூண் மறைவில் செய்தித்தாள் படித்தார்.

போன் அடித்தது.

"மேடம், திரும்பிப் பாக்காதீங்க. தூணுக்குப் பின்னாடி ஒருத்தன் உங்களையே நோட்டம் விடறான். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான். பக்கத்துல நிக்கற அம்மாவும் அவன் ஆளுதான், கண்ணாலயே பேசிக்கறாங்க. கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்குங்க."

"ஐயோ, அது எங்க நாத்தனாரோட வீட்டுக்காரர்! இவங்கதான் நாத்தனார்!"

"ஒரு மெஷின் வாங்க மூணு பேரா? எனக்கு இது சரியாப் படல மேடம்."

தெருமுனையில் நின்றிருந்த ஒரு வேன் விருட்டென்று கிளம்பிப் போனது. நாத்தனாரின் கணவர் அவசரமாகப் பேப்பரை நேராகப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்தும் தையல்காரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. துணி மூட்டையைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"பில்லாவது அனுப்புங்க, நம்பி வரோம்."

"பில்லு ஏது மேடம்? நான் காசு குடுத்தா வாங்கினேன்?"

"அப்போ யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா, நான் விக்கறது ஒருத்தருக்குத் தெரியவே கூடாது." லைன் கட்டானது.

"திருட்டு மால்தான்!" நாத்தனார் எழுந்து நின்றாள். "நாளைக்குக் காலையில முதல் வேலை, புகார் குடுக்கறோம்."

"அண்ணி, நாப்பது யூனிஃபார்ம்..."

"உயிர் முக்கியமா, யூனிஃபார்ம் முக்கியமா?"

காலையில் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்கள். புகார் எழுதும் மேஜையில் ஓர் இளம் கான்ஸ்டபிள். அவர்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. வாய் திறக்காமல், சைகையாலேயே உட்காரச் சொன்னார்.

"எழுதுங்க. ஒருத்தன் திருட்டுத் தையல் மெஷினை எங்க தலையில கட்டப் பாக்கறான்" என்று உரக்க ஆரம்பித்தாள் நாத்தனார்.

கான்ஸ்டபிள் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. பின்னாலிருந்த அறைக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மெஷின்? யாரு அங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது.

"எழுத மாட்டீங்களா? சரி, அவனுக்கே போன் போடறேன், நீங்களே விசாரிங்க." நாத்தனார் எண்ணை அழுத்தினாள்.

கான்ஸ்டபிளின் சட்டைப் பையில் போன் அலறியது.

அவர் இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டு, மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தார்:

"மெதுவாப் பேசுங்க மேடம், அந்த மெஷின் உள்ள இருக்கற இன்ஸ்பெக்டரம்மா என் கல்யாணத்துக்குக் குடுத்த பரிசு!"