வலது கீழ் ஓரத்துக் கறை

வியட்நாமின் சாய்கோன் நகரத்தில் ஒரு வட்ட நிர்வாகம் பல அமர்வுகள் கூடி ஆராய்ந்து, மக்களின் துன்பங்களுக்கெல்லாம் மூலகாரணம் காகிதமே என்று கண்டுபிடித்தது. இந்தக் கண்டுபிடிப்பு நாற்பது பக்கச் சுற்றறிக்கையாக அச்சிடப்பட்டு, வீட்டுக்கு மூன்று பிரதி வீதம் விநியோகிக்கப்பட்டது. இனிமேல் எந்த விண்ணப்பமானாலும் ‘ஒளிமய இல்லம்’ என்கிற மென்பொருள் வழியாகத்தான். அதை அவரவர் வீட்டுக் கணினியில் அவரவரே நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவி முடித்த குடும்பத்துக்கு வாசலில் மாட்ட ஒரு சிவப்புப் பலகை உண்டு. ‘பண்பாட்டுக் குடும்பம்’ என்று ஏற்கெனவே ஒரு பலகை எல்லா வாசலிலும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆணி அடிக்கச் சுவரில் இடம் மிச்சமிருந்தது நாட்டின் நல்ல காலம்.

ஜூலியேத்துக்குப் பலகைமேல் ஆசை இல்லை. காரைக்காலிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. வீட்டு முன்னறையில் கோழிக் கறியும் ரொட்டியும் விற்றுப் பிழைப்பவள். கடை உரிமம் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. மென்பொருள் இல்லாவிட்டால் உரிமம் இல்லை, உரிமம் இல்லாவிட்டால் அடுப்பெரியாது. ஆகவே மறைந்த கணவர் சீட்டாடுவதற்கென்றே வாங்கி வைத்திருந்த கணினியைத் தூசு தட்டி, அரசு தந்த குறுந்தட்டை உள்ளே தள்ளினாள்.

நிறுவல் தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை ராஜநடை போட்டு வந்தது. அங்கே நின்றது. பிறகு திரையில் ஓர் அறிவிப்பு: ‘நிறுவல் தோல்வி. பிழை எண் நாற்பத்தேழு. இதைச் சரிசெய்யும் முறையை, நிறுவப்பட்ட மென்பொருளின் உதவிப் பக்கத்தில் காண்க.’

பதினொரு முறை போட்டுப் பார்த்தாள். பதினொரு முறையும் அதே மரியாதையான பதில்.

சந்துத் தலைவர் லோக்கிடம் போனாள். அவர் ஓய்வுபெற்றவர், கண்ணியமானவர். அவர் வீட்டில் கணினியே கிடையாது. அதனால் கணினி விவகாரங்களில் பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் என்று வட்டத்தில் பெயர்.

“நம்ம சந்தில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்தொரு வீட்டில் நிறுவியாகிவிட்டது. உங்கள் ஒரு வீட்டால் நூறு சதவீதம் கெடுகிறது” என்றார் வருத்தத்தோடு.

“நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதுதான் ஏற மாட்டேன் என்கிறது.”

“மற்றவர்களுக்கு ஏறுகிறதே!”

மறுநாள் மூவர் கொண்ட உதவிக் குழு வந்தது. ஒருவர் கணினியைப் பார்த்தார். இன்னொருவர் அவர் பார்த்ததைப் பார்த்தார். மூன்றாமவர் இருவரும் பார்த்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் பதிந்தார். மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினார்கள். விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினார்கள். உள்ளேயிருந்து ரொட்டித் துணுக்குகள் கொட்டவும், பிழைக்கான காரணம் கண்டறியப்பட்டதாக எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு கிண்ணம் கறி சாப்பிட்டார்கள். போகும்போது, ‘பயனாளியின் கணினிக்கு ஒத்துழைக்கும் மனப்பான்மை போதாது’ என்ற அறிக்கையில் அவளிடமே கையெழுத்து வாங்கிப் போனார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டாம் தேதி, நகரின் புறத்தே தூ டுக்கில் பொறியாளனாக இருக்கும் அண்ணன் மகன் இக்னாஸைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தொலைத்துவிட்டு அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். திரையை முறைத்தான், எதையெதையோ திறந்து பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் படித்தான், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டான்.

“அத்தே, இத எழுதுன ஆளோட கம்ப்யூட்டர்ல ரெண்டு டிரைவ் இருந்திருக்கு. அதனால உலகத்துல எல்லார்கிட்டயும் ரெண்டு இருக்கும்னு நெனச்சிட்டான். ரெண்டாவதுல போய் எழுதப் பாக்குது. ஒங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு.”

“மோந்தியே, கடவுளே! அப்ப நம்ம சந்துல எல்லார்கிட்டயும் ரெண்டு இருக்காடா? எல்லாமே அந்த முக்குக் கடையில வாங்குன பொட்டிதானே?”

“அது எனக்குத் தெரியாது” என்ற இக்னாஸ், இருந்த ஒன்றையே இரண்டாக வகுத்தான். மறுபடி போட்டான். தொண்ணூற்றொன்பது வந்தது. நின்றது. ஜூலியேத் சிலுவை போட்டுக்கொண்டாள். நூறு! பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி எழுந்து, ‘ஒளிமய இல்லம் உங்களை வரவேற்கிறது’ என்றது. இருபத்திரண்டு நாளாக வராத சிரிப்பு அவளுக்கு அன்று வந்தது.

நிறுவியதற்குச் சான்றாகத் திரையைப் படமெடுத்து, அச்சிட்டு, மறுநாள் காலையிலேயே லோக்கிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து மற்ற நாற்பத்தொரு படங்களையும் எடுத்துப் பரப்பி ஒப்பிட்டார்.

“இது செல்லாது” என்றார்.

“ஏன்?”

“வலது கீழ் ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்ட முத்திரை இருக்க வேண்டும். நாற்பத்தொன்றிலும் இருக்கிறது பாருங்கள். உங்களுடையதில் இல்லை.”

இருந்தது. நாற்பத்தொரு படத்திலும், ஒரே அளவில், ஒரே இடத்தில்.

“ஐயா, என் கணினியில் நிஜமாகவே ஓடுகிறது. வந்து பாருங்கள்.”

“ஓடுவது முக்கியமில்லை அம்மா. ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். நாற்பத்தொரு பேர் சேர்ந்து தப்புச் செய்வார்களா?”

வீடு திரும்பியவள் அடுத்த வீட்டு ஹோவாவிடம் புலம்பினாள். ஹோவா தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். வட்ட அலுவலகத்துப் பயிற்சி வகுப்பில் காட்டிய வெற்றித் திரையின் அச்சுப்படம், கணினித் திரையின் அளவுக்கு வெட்டி அட்டையில் ஒட்டியது. முதல் வீட்டுக்காரர் செய்தாராம். அவர் அதன்மேல் காப்பித் தம்ளரை வைத்துவிட்டாராம். அதற்கப்புறம் அட்டை வீடு வீடாகப் போய், எல்லாருடைய திரைமேலும் ஏறி, எல்லாருடைய படத்திலும் சிரித்திருக்கிறது.

“உனக்கு யாருமே சொல்லலையா? நாங்க உனக்கு நிஜமாவே ஏறிடுச்சுன்னு நெனச்சு வெக்கப்பட்டு இருந்தோம்” என்றாள் ஹோவா.

ஜூலியேத் நியாயமானவள்தான். ஆனால் முப்பதாம் தேதி விடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளின்மேல் அட்டையைச் சாத்தினாள். படமெடுத்தாள். லோக் பார்த்தார், வலது கீழ் ஓரத்தைத் தடவிக்கூடப் பார்த்தார், எழுந்து நின்று கை குலுக்கினார். “இப்போதுதான் சரியாக நிறுவியிருக்கிறீர்கள்.”

உரிமம் அன்று மாலையே வந்தது, காகிதத்தில், சிவப்பு முத்திரையோடு. வட்ட அலுவலகத்துக் கணினியில் இன்னும் ‘ஒளிமய இல்லம்’ ஏறவில்லையாம். பிழை எண் நாற்பத்தேழாம்.

நூறு சதவீதம் எட்டிய சந்து என்று விழா எடுத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தாலும் விடாமுயற்சியோடு சேர்ந்தவள் என்று பாராட்டி, ஜூலியேத்தைப் படச் சரிபார்ப்புக் குழுவில் உறுப்பினராக்கினார்கள். வட்டத்திலுள்ள மற்ற சந்துகளின் படங்கள் இனி அவள் கைக்குத்தான் வரும். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு நாற்காலி பழகிவிட்டது. பழுப்பு வட்டத்தை இரண்டு விரற்கடை அளவு என்று வரையறுத்துக் கொடுத்ததே அவள்தான்.

மூன்றாவது வாரம் மரி வந்தாள். பாண்டிச்சேரிக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜூலியேத்தோடு ஒரே பெஞ்சில் உட்காருபவள், பக்கத்துச் சந்தில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். முகமெல்லாம் பூரிப்பாகப் படத்தை நீட்டினாள்.

“அக்கா, ஒரு மாசமா ஏறவே இல்ல. எங்க கொழுந்தன் வந்து டிரைவை ரெண்டாப் பிரிச்சப்புறந்தான் ஏறுச்சு. நாளையோட என் லைசன்ஸ் முடியுது.”

பச்சைச் சரிக்குறி. நிஜமான வரவேற்பு. வலது கீழ் ஓரம் துடைத்து வைத்த தட்டுபோலச் சுத்தமாக இருந்தது. அது நிஜமென்று சரிபார்ப்புக் குழுவிலேயே தெரிந்த ஒரே ஆள் ஜூலியேத்தான். பக்கத்தில் லோக் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதைச் சரி என்று சொன்னால், பழுப்பு வட்டம் இருக்கும் நம் சந்தின் நாற்பத்திரண்டு படமும் அப்போது என்ன என்று அவர் கேட்பார். கேட்டால் பலகை போகும், உரிமம் போகும், கறிச் சட்டியும் போகும்.

நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. நன்றாகவே உறுத்தியது.

“மரி, மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்கா வந்திருக்கு. ஒன்னோட பொட்டியிலதான் ஏதோ கோளாறு, போய்ப் பாரு” என்றாள் ஜூலியேத். படத்தின் குறுக்கே ‘போலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.